டொமைன் யார் பேரில் இருக்கிறது?

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம். "சைட் ஓப்பன் ஆகல சார், சர்வர் பிரச்சினைன்னு நினைக்கிறோம், கொஞ்சம் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். பார்த்தால் சர்வர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. காலாவதியானது டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி. சரி, ரினியூ செய்துவிடலாம் என்று லாகின் கேட்டேன். "அதெல்லாம் சைட் பண்ணிக் கொடுத்த தம்பிகிட்டதான் இருக்கு." தம்பி எங்கே? துபாயில். பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

சைட் போனதுகூட அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. மெயிலும் அதே டொமைனில்தான். வெளிநாட்டு பையர் அனுப்பிய மெயில்கள் எல்லாம் பவுன்ஸ் ஆகித் திரும்பிப் போய், "கம்பெனியை மூடிட்டீங்களா?" என்று அவருடைய ஏஜென்ட் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் இவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதே போல நாலு கதை சொல்வார். ஊர் மாறும், தொழில் மாறும், தம்பி போன நாடு மாறும். மாறாத வசனம் ஒன்று உண்டு: "காசு நாங்கதானே கொடுத்தோம், அப்ப டொமைன் எங்களோடதுதானே?"

இல்லை. உங்களோடது இல்லை.

இதைச் சொன்னதும் முகம் மாறும். பில்லை எடுத்துக் காட்டுவார்கள். ஜிபே ரசீது காட்டுவார்கள். தம்பியோடு எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டியவர்கூட உண்டு. ஐயா, நிலத்துக்குப் பணம் கொடுத்தது நீங்கள், பத்திரம் பதிந்தது தரகர் பேரில் என்றால் பட்டா யாருக்கு வரும்? டொமைனும் அப்படித்தான். டொமைனைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார் நிறுவனத்தின் கணக்கில் 'ரிஜிஸ்ட்ரன்ட்' (பதிந்தவர்) என்ற இடத்தில் யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதோ அவர்தான் அவர்களுக்கு உரிமையாளர். பணம் யார் பையிலிருந்து வந்தது என்று அவர்கள் பார்ப்பதில்லை. டொமைன் பெயரில் உங்கள் கம்பெனி பெயர் இருக்கிறதே என்றாலும் அவர்களுக்கு அது ஒரு எழுத்துவரிசை, அவ்வளவுதான். உங்கள் ஜிஎஸ்டி சான்றிதழ், போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் அந்தக் கணக்கைத் திறக்காது. அதைத் திறப்பது ஓடிபி. ஓடிபி போவது தம்பியின் ஜிமெயிலுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டொமைனை யாரும் 'வாங்குவதே' இல்லை. ஆண்டுக் கணக்கில் பதிந்து வைத்துக்கொள்கிறோம். டாட் காமை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதியலாம், அதற்கு மேல் முடியாது. "லைஃப்டைம் டொமைன்" என்று எவராவது விற்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யார் பேரில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? முன்பெல்லாம் ஹூஇஸ் (டொமைன் யாருடையது என்று காட்டும் பொதுப் பதிவேடு) தேடலில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். 2018இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலும் எல்லாமே மறைக்கப்பட்டிருக்கும். டொமைன்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐகானின் (ICANN) லுக்கப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் எந்த ரிஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் காலாவதி என்ற இரண்டும் நிச்சயம் கிடைக்கும். இப்போதைக்கு அந்த இரண்டே பெரிய விஷயம். பெயரைப் பார்க்க லாகின் வேண்டும். லாகின் உங்களிடம் இல்லை என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

காலாவதியானதும் என்ன ஆகும் என்பதிலும் ஒரு குழப்பம். "இன்னைக்கு முடிஞ்சுது, நாளைக்கு வேறொருத்தன் எடுத்துப்பான்" என்று பதறுபவர்கள் ஒரு பக்கம், "மெதுவாப் பாத்துக்கலாம்" என்று மூன்று மாதம் கழித்து வருபவர்கள் மறுபக்கம். டாட் காமைப் பொறுத்தவரை, தேதி தாண்டியதும், அல்லது சில நாளில், சைட்டும் மெயிலும் நிற்கும். அதன்பின் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள்வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. சிலர் இந்த நாட்களைக் குறைத்துவிடுவார்கள், சிலர் இதற்குள்ளேயே ஏலத்தில் விட்டுவிடுவார்கள். அழிப்புக்குப் போனால் 30 நாள் மீட்புக் காலம். ஆண்டுக்கு ஆயிரம் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அப்போது பல ஆயிரம் கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள் காத்திருப்பு. பிறகு பொதுவில் விழும், யார் வேண்டுமானாலும் பதியலாம். விழுந்த நொடியில் பிடிப்பதற்கென்றே மென்பொருள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய முகவரியைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறதே, அது இப்படி வந்ததுதான். யாரும் ஹேக் செய்யவில்லை.

"நினைவூட்டல் வந்திருக்குமே?" வந்திருக்கும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்து ஐந்து நாளுக்குள்ளும் மெயில் அனுப்ப வேண்டும் என்பது ஐகானின் விதி. தம்பியின் ஜிமெயிலுக்கு ஒழுங்காக அனுப்பியிருப்பார்கள்.

ஆட்டோ ரினியூவலை நம்பியும் கெட்டவர்கள் உண்டு. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முறையாக இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தரும் அனுமதி) பதியாத கார்டிலிருந்து மாதாமாதமோ ஆண்டுதோறுமோ தானாகப் பணம் பிடிக்க முடியாது. டேஷ்போர்டில் 'ஆட்டோ ரினியூ ஆன்' என்று பச்சையாகக் காட்டும். காசு நகர்ந்திருக்காது. காலண்டரில் குறித்து வைத்துக் கையாலேயே கட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் இன்னும் நிம்மதி.

கடைக்காரர்களே, கம்பெனிக்காரர்களே, இதைச் செய்யுங்கள், இன்றைக்கே. டொமைன் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் செல் நம்பரில் தொடங்குங்கள். டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டட்டும், கீபோர்டு உங்கள் கையில் இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. டொமைன் போனால் மெயில் போகும், மெயில் போனால் டொமைனை மீட்கும் ஓடிபி போகும், பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி. பதிந்த 15 நாளுக்குள் அந்த மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு லிங்க் வரும், அதை அழுத்தாமல் விட்டால் புத்தம்புது டொமைனையே முடக்கிவிடுவார்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு முதன்மை உரிமையாளர் யார் என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், அங்கும் பெரும்பாலும் தம்பிதான் இருப்பார். அப்புறம், "உங்கள் பிராண்டு பெயரைச் சீனாவில் ஒருவர் பதியப் போகிறார், உடனே பணம் கட்டுங்கள்" என்று மெயில் வந்தால் அழித்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். என்னிடம் ஃபார்வேர்டு செய்ய வேண்டாம், தயவுசெய்து.

இனி நம் ஆட்களுக்கு, அதாவது வெப் டிசைனர்களுக்கு.

பாக்கித் தொகை வரவில்லை என்று டொமைனைப் பிடித்து வைப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கோபம் புரிகிறது. ஐந்து பக்க சைட் என்று பேசி, "அப்படியே ஒரு ஆன்லைன் ஸ்டோரும் சேர்த்துடுங்க, சின்ன வேலைதானே" என்று இழுத்து, கடைசியில் பாதிப் பணத்தோடு போனை எடுக்காத க்ளையண்ட் எனக்கும் வாய்த்திருக்கிறார். அதற்காக ஒருவருடைய தொழில் முகவரியைப் பணயம் வைக்கலாமா? பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் ஃபோட்டோஷாப்பையோ ஃபிக்மாவையோ திறக்காதீர்கள். டிசைன் ஒப்புதலானதும் ஒரு பகுதி, லைவ் போவதற்கு முன் மீதி. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதை மெயிலிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். நாம் பிடித்து வைப்பதற்குச் சட்டப்படியே ஒன்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஃப்ரீலான்சர் எழுதிய கோடின் (நிரலின்) முதல் உரிமையாளர் அவரேதான், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால்தான் அது முதலாளிக்குப் போகும். 19ஆம் பிரிவுப்படி அதை எழுத்தில், கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். "முழுத் தொகை வந்ததும் உரிமை மாறும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டையும் எழுதுங்கள். க்ளையண்டும் இதைப் படிக்கட்டும், அவருக்கும் நல்லதுதான்.

வேறொருவர் செய்த சைட்டைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது நேம்சர்வரில் கைவைக்கும் முன், சைட்டும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பழைய டிஎன்எஸ் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மெயிலுக்கான பதிவுகளான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் எதுவும் விடுபடக் கூடாது. சைட் அழகாக வந்துவிட்டது என்று போட்டோ போட்டுக் கொண்டாடும் நேரத்தில் அங்கே க்ளையண்டின் ஆர்டர் மெயில் எல்லாம் காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

கடைசியாக, வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்ட தம்பி, தங்கைகளிடம் ஒரு கெஞ்சல். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, தெரியும். கல்லூரி முடித்த கையோடு நாலு கடைக்கு சைட் செய்து கொடுத்தீர்கள், அவர்களுக்கும் விவரம் தெரியாது, வேகத்தில் உங்கள் ஜிமெயிலிலேயே பதிந்தீர்கள். அந்த ஜிமெயிலை இந்த வாரம் ஒரு தடவை திறங்கள். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. கணக்கே அழிந்தால் உங்களாலும் உதவ முடியாது. திறந்து, எந்தெந்த டொமைன் உங்கள் பேரில் கிடக்கிறது என்று பார்த்து, அந்தக் கடைக்காரரை அதே ரிஜிஸ்ட்ராரில் ஒரு கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் பத்து நிமிட வேலை, அதிகம் போனால் ஒரு ஓடிபி. திருப்பூர்க்காரரின் டொமைன் இன்னும் மீட்புக் காலத்துக்குள்தான் இருக்கிறது.