பேண்ட் சைஸ் 32, வயிறு 37

"நான் ஒல்லி தானே டாக்டர், எனக்கு எப்படி சுகர் வரும்?"னு ஒருத்தர் ரிப்போர்ட்டை கையில வெச்சுக்கிட்டு கேட்டாரு. 38 வயசு, 170 செ.மீ. உயரம், 64 கிலோ. உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு சொல்ற பிஎம்ஐ 22, நார்மல் தான். கை கால் குச்சி மாதிரி. சட்டையைத் தூக்கி டேப் வெச்சா 94 செ.மீ., அதாவது 37 இன்ச். பத்து வருஷமா பேண்ட் சைஸ் 32 தான்னு சாதிச்சாரு, பொய்யில்ல, பெல்ட்டைத் தொப்பைக்கு கீழ கீழன்னு இறக்கிட்டே வந்திருக்காரு. பின்கழுத்துல கருப்பா ஒரு பட்டை, வெயில்ல கருத்துடுச்சுன்னு கடலை மாவு போட்டு தேய்ச்சிருக்காரு பாவம், அது இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ வர்ற கருப்பு, தேய்ச்சா போகாது.

தொடை, பின்பக்கம் சேர்ற கொழுப்பு பெருசா தொல்லை பண்ணாது. வயித்துக்குள்ள குடலைச் சுத்தி சேருது பாருங்க, அதுல இருந்து வர்ற கொழுப்பு அமிலம் நேரா ஈரலுக்குப் போகுது, அப்புறம் ஃபேட்டி லிவர் (ஈரல்ல கொழுப்பு), சுகர், ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்புன்னு ஒவ்வொண்ணா வரும். நம்மாளுங்களுக்கு இது ஜாஸ்தி. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல தங்களையே அளந்து போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புக் கொழுப்பு யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யூட்கினுக்கு 9.1!

அதனால வெயிங் மெஷினை மட்டும் நம்பாதீங்க, பத்து ரூபா டெய்லர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல வெச்சு, மூச்சை சாதாரணமா விட்டுட்டு அளங்க, வயித்தை எக்கக்கூடாது (எல்லாரும் எக்குவாங்க, நானும்தான்). ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ., பொம்பளைங்களுக்கு 80, அதைத் தொட்டாலே சுகர், பிபி, கொலஸ்ட்ரால் பார்த்துடுங்க. மாதவிடாய் நின்னதும் இடுப்புல சேர்ந்தது வயித்துக்கு மாறும், அப்போ கூடுதல் கவனம் வேணும்.

டிவில விக்கிற தொப்பை பெல்ட் வேர்வையை எடுக்கும், அவ்ளோதான். லைப்போசக்‌ஷன் கூட தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பைத்தான் உறிஞ்சும், உள்ள இருக்கிறதைத் தொடாது.

நம்மாளு மாத்திரையோட சாதத்தைக் குறைச்சு, தினம் முக்கால் மணி நேரம் வேகமா நடந்தாரு. மூணு மாசத்துல எடை மூணு கிலோ தான் குறைஞ்சது, ஆனா வயிறு 88. கூட வந்த அவங்க வீட்டம்மா மட்டும் "முகமே வாடிப்போச்சு டாக்டர், கொஞ்சம் நல்லா சாப்பிடச் சொல்லுங்க"ன்னு கோவிச்சுக்கிட்டாங்க.