கிருமியின் பாடபேதங்கள்

2011-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரம். அங்குள்ள மருத்துவமனையொன்றின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவில், ஆறு மாதங்களில் 12 குழந்தைகளிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பது தெரியவந்தது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றுக்கும் அடங்காத பாக்டீரியா அது. மூக்கிலும் தோலிலும் சத்தமின்றிக் குடியிருக்கும். இரத்தத்தில் கலந்தால் குறைமாதக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்குக் குழந்தை தொற்றுகிறதா, வெளியிலிருந்து தனித்தனியே வந்ததா? ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவே சில சமயம் வாரக்கணக்கில் இடைவெளி இருந்ததால், வழக்கமான பரிசோதனைகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாரன் பீக்காக், அப்போது சாங்கர் மரபணு ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜூலியன் பார்க்ஹில் ஆகியோரின் குழு, ஒவ்வொரு மாதிரியிலும் இருந்த கிருமியின் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்தது. 16 வயதில் பள்ளியை விட்டு, கடையில் வேலை பார்த்து, செவிலியராகி, அதன் பிறகு மருத்துவம் படித்தவர் பீக்காக். ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பதில் அவர் காட்டும் அக்கறை எனக்கு வியப்பளிப்பதில்லை.

அடிப்படை எளிதானது. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்களிடமும் அதே பிழை இருக்கும். ஏட்டுக்கு ஏடு மாறும் இந்த எழுத்து வேறுபாடுகளே பாடபேதங்கள். எந்த ஏடு எதன் வழிவந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பது இவற்றைக் கொண்டுதான். இந்தப் பாக்டீரியாவின் ஏட்டில், அதாவது அதன் மரபணுத் தொகுதியில், ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகள். அது பெருகும்போது ஓராண்டில் சில எழுத்துகளே மாறும். இருவரிடம் எடுத்த கிருமிகளுக்கிடையே ஓரிரு எழுத்து வேறுபாடுதான் என்றால், அவை நெருங்கிய உறவு. நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் ஒன்றுக்கொன்று சமீபத்தில் தொடர்பே இல்லை.

கடினமான பகுதி அதைப் படிப்பதுதான். உயிரியல் தரவுகளைக் கணினி கொண்டு ஆராயும் உயிர்தகவலியல் அங்கே வருகிறது. இயந்திரம் ஏட்டை முழுதாகத் தருவதில்லை, நூறு எழுத்து சுமாருள்ள துண்டுகளாகத் தருகிறது. லட்சக்கணக்கான துண்டுகளை, ஏற்கெனவே அறிந்த மாதிரி ஏட்டின்மேல் கணினி பொருத்திப் பார்க்கிறது. ஓரிடத்தின்மேல் பல பத்துத் துண்டுகள் விழும். ஒரே துண்டில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் அது இயந்திரத்தின் பிழை. எல்லாவற்றிலும் மாறியிருந்தால் கிருமியின் பிழை. மாணவர்களுக்கு மென்பொருளின் பெயர்களுக்கு முன்பே இந்தச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பேன். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. அவை பரம்பரையாக வந்தவை அல்ல என்பதால், உறவைக் கணக்கிடும்போது ஒதுக்கிவைக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் கிடைத்த விடை: ஒரே கிளை. அது அந்தப் பிரிவோடு நிற்கவும் இல்லை; தாய்மார்களிடமும் மருத்துவமனைக்கு வெளியே இருந்தவர்களிடமும் பரவியிருந்தது. மொத்தம் 26 பேர். பிரிவு முழுவதையும் கழுவிச் சுத்தம் செய்தார்கள். கிருமி இருந்த கடைசிக் குழந்தை வெளியேறி 64 நாள்களுக்குப் பிறகு, இன்னொரு குழந்தையிடம் அது மறுபடி தென்பட்டது. தரையையும் தொட்டிலையும் தாண்டி எங்கோ அது தங்கியிருக்க வேண்டும். பணியாளர்கள் 154 பேரைச் சோதித்ததில் ஒருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது.

அவரிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த கிருமிக் கூட்டங்களில் (காலனி) ஒன்றை மட்டும் படித்திருந்தால் தவறாக முடிவுகட்ட வாய்ப்புண்டு, ஏனெனில் ஒரே உடலுக்குள்ளும் பாடபேதங்கள் இருக்கும். அதனால் பல கூட்டங்களைத் தனித்தனியே படித்தார்கள். அவை குழந்தைகளிடம் கண்ட கிளையோடு பொருந்தின. அந்தப் பணியாளருக்குக் கிருமியை அகற்றும் சிகிச்சை அளிக்கப்பட்டது.