இறுதிப் பிரதி எது? ஆசிரியபீட மென்பொருள் வாங்கும் முன்

மட்டக்களப்பில் மாரி மழை இறங்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இத்தனை என்று காலையில் ஓர் எண்ணிக்கை வரும். மதியம் வாகரையிலிருந்து இன்னொன்று, மாலையில் மாவட்டச் செயலகத்திலிருந்து மூன்றாவது. செம்மையாக்குபவர் புதிய எண்ணைப் போட்டுவிடுவார். தலைப்பு எழுதுபவரின் திரையில் பழைய கோப்பு திறந்திருக்கும். மறுநாள் பத்திரிகையை விரித்தால் தலைப்பில் ஓர் எண், முதற்பந்தியில் வேறோர் எண். இருவருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள்.

பக்க வடிவமைப்பாளராகத் தொடங்கி, இப்போது சிறு பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் பணி ஒழுங்கு அமைத்துக் கொடுப்பவன் நான். எந்த மென்பொருளை வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் இறுதிப் பிரதி எது என்பது யாருக்குத் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் ஒருவருடைய பெயரைச் சொல்வார்கள். அவர் அன்று விடுமுறையில் இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு நினைவஞ்சலி. சஞ்சிகையொன்றில் 31ஆம் நாள் அறிவித்தல். பிள்ளைகளின் பெயர் வரிசையில், முன்னரே காலமாகிவிட்ட மூத்த மகனின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்ற சொல் விடுபட்டிருந்தது. குடும்பத்தார் புரூப் பார்த்துச் சிவப்புப் பேனையால் எழுதித் தந்தார்கள். நான் உடனே திருத்தினேன். ‘இறுதி’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்ததால் ‘இறுதி 2’ என்று சேமித்தேன். பக்கம் கட்டிய தம்பி ‘இறுதி’யை எடுத்து வைத்துவிட்டார். இதழ் வெளிவந்த அன்று அந்தத் தாய் அலுவலகத்துக்கு வந்தார். சஞ்சிகையை மேசையில் விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. திருத்தம் போட்ட அடுத்த இதழ் வரும்போது 31ஆம் நாள் கழிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

ஆசிரியபீட மென்பொருளின் முதல் வேலை அந்த ‘இறுதி 2’ பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான். ஒரு செய்திக்கு ஒரே பிரதி. ஒருவர் அதை எடுத்துத் திருத்தும்போது மற்றவர்கள் வாசிக்கலாம், கை வைக்க முடியாது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்ற வரலாறு கூடவே இருக்கும். செய்தி இப்போது செம்மையாக்கத்தில் இருக்கிறதா, ஒப்புநோக்கலில் இருக்கிறதா, ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதா என்பது எல்லோருடைய திரையிலும் தெரியும்.

அடோபியின் செய்தி திருத்தும் மென்பொருளான இன்காப்பி இதை நேரடியாகப் பக்கத்தோடு இணைக்கிறது. வடிவமைப்பாளர் இன்டிசைனில் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருக்க, துணை ஆசிரியர் தன் கணினியில் அதே பக்கத்தின் செய்தியைத் திருத்தலாம். எத்தனை வரி மிஞ்சுகிறது என்பதும் அங்கேயே தெரியும். நான்கு கணினிகள் உள்ள அலுவலகத்துக்குத் தனிச் சேவையகம்கூட வேண்டாம், உள்வலையமைப்பில் பகிர்ந்த ஒரு கோப்புறை போதும். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது என்பதால் நம் பகுதிக்கு இது பெரிய வசதி. சூப்பர்டெஸ்க் திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் சேவையகம் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் அதை நிறுவ நான் சம்மதிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும் கலாசாரப் பேரவைக்குக் கூகிள் டாக்ஸும் அதன் பதிப்பு வரலாறும் தாராளம்.

விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் விடயம் எழுத்துரு. இங்கே பல மேசைகளில் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஆள்கிறது. பாமினியில் திரையில் ‘ம’ என்று தெரிவது உள்ளே ஆங்கிலக் ‘கே’, ‘ட’ என்பது ‘எல்’. அந்தக் கோப்புகளை எந்த மென்பொருளில் ஏற்றினாலும் ‘மட்டக்களப்பு’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொது முறையான யுனிகோட் அதற்குத் தெரியாது. இன்டிசைனுக்கு மாறுவோர் பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பாமினிக் கோப்பை யுனிகோட்டாக்கும் மாற்றியைக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். ஒரு பிரதேச மலரில் கட்டுரையாளரின் மின்னஞ்சல் முகவரியையும் பாமினி என்று எண்ணிய மாற்றி, அதைப் பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிட்டது. அச்சுக்கு முந்திய மாலை தற்செயலாகக் கண்ணில் பட்டது.

யுனிகோட்டிலும் ஒரு மறைவான சிக்கல் உண்டு. ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டலாம். 2005இல் யுனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’வைக் கொண்டும், வழக்கமான ‘ஸ’வைக் கொண்டும் ஒரே உருவம் வரும். கண்ணுக்கு வேறுபாடு இல்லை, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலயம் பற்றிய பழைய செய்திகளைத் தேடுபவருக்குப் பாதிதான் அகப்படும். எந்த விசைப்பலகை, எந்த ‘ஸ்ரீ’ என்பதை மென்பொருள் நிறுவும் முதல் நாளே முடிவு செய்து ஒட்டிவையுங்கள்.

பெயர்களும் அப்படித்தான். முகம்மது, முஹம்மத், மொஹமட் எல்லாம் நம் வாசகர்களின் பெயர்கள். கல்முனையிலும் காத்தான்குடியிலும் ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே அச்சிட வேண்டும். நிருபர் கேட்டு உறுதிசெய்த எழுத்துக்கூட்டலைச் செய்தியின் குறிப்புப் பெட்டியில் இட்டுவிட்டால், செம்மையாக்குபவர் ‘திருத்திவிட’ மாட்டார்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த திகதியும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆறு அங்குல அகலத்தில் நல்ல தாளில் அச்சிட 1800 பிக்சல் வேண்டும்.

இத்தனை ஒழுங்கும் அச்சகத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. அங்கே முந்தைய நாள் அனுப்பிய பிடிஎஃப் இன்னும் கணினியில் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் வெட்டுவிளிம்புக்கு வெளியே கோப்பு உருவான நாளும் நேரமும் அச்சாகும்படி அமைத்திருக்கிறேன். அச்சுக்கான பிளேட் எடுக்கும் முன் தொலைபேசியில் அழைத்து அந்த நேரத்தை அவர்களை வாசிக்கச் சொல்வேன். என் திரையில் உள்ளதும் அவர்கள் வாசிப்பதும் ஒன்றாக இருந்தால் மட்டும், ‘ஓட்டுங்கள்’ என்பேன்.