மாசூட்டல்

சிலிக்கான் போன்ற குறைக்கடத்திகளின் (செமிகண்டக்டர்) பாடத்தில் ‘டோப்பிங்’ என்று வருவதற்குத் தமிழ்ப் பெயர் மாசூட்டல். தூய படிகத்துக்குள் வேறொரு தனிமத்தின் அணுக்களைத் தெரிந்தே, அளவோடு சேர்ப்பது. சேர்கிற தனிமத்துக்கு மாசு என்று பெயர்.

ஆங்கிலச் சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. அங்கே ‘டோப்’ என்றால் தொட்டுக்கொள்ளும் சாறு; தோய்ப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் அது குழைவான கலவை, அபின் பாகு, பந்தயக் குதிரைக்குக் கொடுக்கும் மருந்து என்று பொருள் மாறிக்கொண்டே போனது. விளையாட்டுச் செய்திகளில் ஊக்கமருந்து என்று நாம் எழுதுவதும் இதே சொல்லைத்தான். அப்புறம்தான் மின்னணுவியலுக்கு வந்தது. ஜெர்மானியம் என்ற தனிமத்தில் நைட்ரஜன் குடும்பத் தனிமங்களைத் துளியளவு சேர்க்கும் முறைக்கு அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ராபர்ட் உட்யார்ட் 1944-ல் விண்ணப்பித்து 1950-ல் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணத்தில் ‘டோப்பிங்’ என்ற சொல்லே கிடையாது.

தமிழில் மாசு என்றால் அழுக்கு, குற்றம், குறை. கோவலன் கண்ணகியை ‘மாசறு பொன்னே’ என்று விளிப்பதில் இருப்பதும் இந்த மாசுதான். மாசிலாமணி என்று பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறோம். வேதியியல் இந்த விஷயத்தில் கொஞ்சம் குறும்பு பிடித்தது. மாணிக்கத்தின் சிவப்பே அலுமினியம் ஆக்சைடில் கலந்த குரோமியம் தருவது. மாசை நீக்கினால் நிறமும் போய்விடும்.

ஆகவே ‘மாசுபடுத்தல்’ இங்கே பொருந்தாது. அது ஆற்றுக்கும் காற்றுக்கும் ஆனது. ‘ஊட்டு’ என்ற வினைதான் வேலையைச் செய்கிறது. நிறமூட்டு, உயிரூட்டு, மின்னூட்டு என்ற வரிசையில், இல்லாத ஒரு பண்பை வேண்டி ஏற்றுவது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அதில் அலுமினியத்தை ஊட்டினால் அது கொடையாளி மாசு. எலக்ட்ரானைக் கொடுத்துக் கடத்துதிறனைக் கூட்டும். கோபால்ட்டோ மாங்கனீசோ அப்படியல்ல. துத்தநாகத்தைப் போலவே இரட்டை நேர்மின்னூட்டத்தோடு அதன் இடத்தில் உட்காருவதால், மின்னோட்டத்துக்குப் புதிதாக எலக்ட்ரான் எதையும் தருவதில்லை. ஆனால் துத்தநாக அயனியில் எல்லா எலக்ட்ரானும் இணை சேர்ந்தவை. கோபால்ட்டில் மூன்று, மாங்கனீசில் ஐந்து இணை சேராதவை. காந்தத்துக்கு விதை அதுதான்.

உருவமும் மாறும். மாங்கனீசு அயனி துத்தநாகத்தைவிடப் பெரியது. படிகம் சற்றே விரியும்; படிக அமைப்பை அளக்கும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (டிஃப்ராக்‌ஷன்) முகடுகள் சிறிய கோணத்தை நோக்கி நகரும். கோபால்ட் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் நகர்வு கண்ணுக்குத் தெரிவதே அரிது. நிறம்தான் காட்டிக்கொடுக்கும்: வெள்ளைத் தூள் பச்சையாகிவிடும். சாயத் தொழிலில் ரின்மன் பச்சை என்பது இதுவே.

2000-ல் இயற்பியலாளர் டீட்லும் கூட்டாளிகளும் ஒரு கணிப்பு வெளியிட்டார்கள். மாங்கனீசு ஊட்டிய, துளைகள் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) மிகுந்த துத்தநாக ஆக்சைடு அறை வெப்பத்திலேயே ஃபெர்ரோகாந்தமாகலாம், அதாவது இரும்பைப் போல் காந்தமாகலாம் என்றது அது. 2001-ல் கோபால்ட் ஊட்டிய டைட்டானியம் டை ஆக்சைடில் அப்படியொரு காந்தம் கிடைத்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு கட்டுரைகள் குவிந்தன. முடிவுகள்தான் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆக்சிஜனை நடுவில் வைத்து அடுத்தடுத்து அமரும் இரண்டு கோபால்ட் அயனிகளின் காந்தத் திசைகள் பொதுவாக எதிரெதிராகத்தான் நிற்கும்; ஒன்றை மற்றொன்று அடித்துவிடும். அப்படியானால் காந்தம் எங்கிருந்து வருகிறது? கரையாத கோபால்ட் நுண்திரளாக ஒதுங்கியிருந்தால் அதுவே போதும். உலோகக் கோபால்ட் 1100 டிகிரி செல்சியஸ் வரை காந்தமாகவே இருக்கும்; அவ்வளவு சின்னத் திரளை எக்ஸ் கதிர் தவறவிட்டுவிடும்.

இன்னும் வேடிக்கை ஹாஃப்னியம் ஆக்சைடில் நடந்தது. அது குறைக்கடத்தி அல்ல, காப்புப்பொருள். மாசே ஊட்டாத அதன் மென்படலம் காந்தமாக இருக்கிறது என்று 2004-ல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு வேறொரு குழு சோதித்தபோது சுத்தமான படலத்தில் காந்தம் இல்லை. துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் பிடித்த படலத்தில் மட்டும் அதே அளவுக்குக் காந்தக் குறி தெரிந்தது. இடுக்கி நுனியிலிருந்து ஒட்டிய இரும்புத் துகளே போதுமாக இருந்திருக்கிறது.

இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தெரிந்து சேர்த்தால் மாசூட்டல். இடுக்கியிலிருந்து ஒட்டினால் மாசடைதல். ‘கோபால்ட் டோப் செய்யப்பட்ட’ என்று நீட்ட வேண்டாம், ‘கோபால்ட் ஊட்டிய துத்தநாக ஆக்சைடு’ என்றாலே போதும். சிலிக்கானில் மாசு பெரும்பாலும் பத்து லட்சத்தில் ஓரிரு அணு அல்லது அதற்கும் கீழே. இந்தக் காந்த ஆக்சைடுகளிலோ நூற்றுக்கு ஐந்து, பத்து என்று போகிறது. அங்கே ‘திண்மக் கரைசல்’, அதாவது ஒரு திண்மத்துக்குள் இன்னொன்று கரைந்தது என்று சொல்வதும் சரிதான்.