நர்ஸு மேல கை வெச்சா எந்தச் சட்டம்? கம்ப்ளைன்ட் எழுதறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூருன்னு நம்ம பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க, அங்க நைட் ட்யூட்டி பாக்கறவங்க பேஷண்ட் கூட வந்தவங்ககிட்ட ஏச்சும் பேச்சும் அடியும் வாங்கறதுக்கும் கொறச்சலில்ல. அடிச்சவன் மேல என்ன கேஸ் வரும்ங்கறது கம்ப்ளைன்ட்ல எந்தச் சட்டத்த எழுதறோம்ங்கறத வெச்சுத்தான் பாதி முடிவாகுது, அதுதான் நெறய பேருக்குத் தெரியறதில்ல.

சாதாரணமா ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சுட்டான்னா பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 115(2), அதிகபட்சம் 1 வருஷம் ஜெயில் இல்லாட்டி 10,000 ரூபா ஃபைன், இல்ல ரெண்டுமே. இதுல மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரணைக்கே போக முடியாது, அதனால ஸ்டேஷன்ல ஒரு சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்குனதுக்கு ரசீது, கைல குடுத்து அனுப்பிருவாங்க, அவ்வளவுதான்.

ஆனா ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்குன்னே தமிழ்நாட்டுல 2008-லயே தனிச் சட்டம் வந்தாச்சு, 48/2008-னு நம்பர். வேலைல இருக்கற டாக்டர், நர்ஸு, மெடிக்கல் நர்சிங் படிக்கற புள்ளைங்க, பாராமெடிக்கல் ஸ்டாஃப், இவங்க மேல கை வெச்சா கொறஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 10 வருஷம், ஃபைனும் சேத்தி. போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடலாம், ஸ்டேஷன் ஜாமீன் கெடையாது. அடிச்சாத்தான்னு இல்லீங்க, மெரட்டறது, வேலை செய்ய விடாம மறிக்கறது, பொருள ஒடைக்கறது எல்லாமே இதுல வன்முறைதான். மெஷின ஒடைச்சா வாங்குன வெலைல ரெண்டு மடங்கு கட்டணும். ஜிஹெச்சுக்கு மட்டும்தான்னு சிலபேரு நெனச்சுக்கறாங்க, தனியார் ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோமுக்கும் இதே சட்டந்தான். அரசு ஸ்டாஃபா இருந்தா கூடவே, அரசு ஊழியர வேலை செய்ய விடாம அடிக்கறதுக்கான பிஎன்எஸ் 132-ம் வரும்.

அதனால கம்ப்ளைன்ட்ல "நான் ட்யூட்டில இருந்தப்ப"ன்னு தெளிவா எழுதி, எந்த வார்டு, எத்தன மணி, யாரு பாத்தாங்கன்னு போட்டு, 2008 சட்டப்படி நடவடிக்கை எடுக்கணும்னு ஒரு வரி சேத்திருங்க. கூட வேலை பாக்கற டாக்டரே ஒரு கட்டு போட்டு வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிருவாரு, அது நல்ல மனசுதான், ஆனா ஏஆர் என்ட்ரி (ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல பதிவு) போடலைன்னா நாளைக்குக் காயத்துக்கு ஆதாரமே இருக்காது. சிசிடிவி பதிவையும் அன்னைக்கே எழுதிக் கேட்டு வாங்கி வெய்யுங்க, நாளாச்சுன்னா அது மேலயே வேற பதிவு ஏறிரும்.

ஸ்டேஷன்ல புகார வாங்க மாட்டேன்னா பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 173(4) இருக்குது. புகார எஸ்பிக்குத் தபால்ல அனுப்பலாம், கோவை, திருப்பூர், சேலம் சிட்டிக்குள்ளன்னா கமிஷனர் ஆபீஸு, அங்கயும் நடக்கலைன்னா மாஜிஸ்திரேட். எஃப்ஐஆர் காப்பி காசில்லாம குடுக்கணும்.

இதவிடப் பெரிய தொல்லை நிர்வாகம்தானுங்க. பேரு கெட்டுரும்னு "சமாதானமாப் போயிரலாம்"பாங்க, அந்தப்பக்கம் ஒறம்பரை, கட்சிக்காரங்கன்னு நாலு பேரு வந்து உக்காந்துக்குவாங்க. கொல்கத்தா ஆர்.ஜி.கர் டாக்டர் கொலைக்கப்பறம், 2024 ஆகஸ்ட்ல, மத்திய அரசு ஆஸ்பத்திரிகள்ல சம்பவம் நடந்த 6 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரித் தலைமையே எஃப்ஐஆருக்குப் புகார் குடுக்கணும்னு உத்தரவு வந்துச்சு, மெடிக்கல் காலேஜ்கள 48 மணி நேரத்துல ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி என்எம்சியும் (தேசிய மருத்துவ ஆணையம்) சொல்லுச்சு. தனியாருக்கு அந்த 6 மணி நேரக் கணக்கு வராது. அதுக்காக நிர்வாகம் குடுக்கட்டும்னு காத்துட்டு இருக்க வேண்டியதில்ல, அடிபட்டவங்களே நேராப் போயி குடுக்கலாம்.

அடிச்சது பேஷண்டே, அதும் மறதி நோய் வந்த பெரியவருன்னா? அவர் மேல கேஸ் போடறது சரியா இருக்காதுங்க, ஆனா உங்க காயம் காயந்தான். சம்பளம் 21,000-க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ பிடிக்கறாங்கன்னா, வேலைல பட்ட காயம்னு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் குடுக்க நிர்வாகத்துகிட்டச் சொல்லுங்க, வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் கெடைக்கும், வேலைக்குச் சேந்து மொத நாளா இருந்தாலுஞ்செரி. சாதா லீவுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துராதீங்க.

ஏஜென்சி மூலமா வீட்டுக்குப் போயி பெரியவங்களப் பாத்துக்கற அக்காமாருக்குத்தான் கஷ்டம். அந்த 2008 சட்டம் ஆஸ்பத்திரியச் சுத்தித்தான் எழுதிருக்குது, வீட்டுக்குள்ள அடிபட்டா மேல சொன்ன சாதாரண பிஎன்எஸ் தான். எலும்பு முறிஞ்சா பிஎன்எஸ் 117, அது 7 வருஷம் வரைக்கும் போகும், போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடலாம், அதனால காயம்னா எக்ஸ்ரே எடுக்காம ஸ்டேஷனுக்குப் போகாதீங்க.