அமுக்குவான் பேயும் ஐந்து விளக்கு மீட்டரும்

சில மாதங்களுக்கு முன் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் மனநல மருத்துவரான என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், எதுவும் பேசாமல் பையிலிருந்து டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவியை எடுத்து மேசை மேல் வைத்தான். பேய் வேட்டை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், வரிசையாக ஐந்து விளக்கு இருக்கும், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். கே2 மீட்டர். அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் காசு போட்டு ஆன்லைனில் வாங்கியிருக்கிறார்கள்.

"என் கட்டில்கிட்ட வச்சா செவப்பு எரியுது மேடம். அங்கதான் அது வந்து நிக்கும்."

நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் படுப்பானாம். சட்டென்று விழிப்பு வரும், கண் திறந்திருக்கும், ஃபேன் சுற்றுவது தெரியும், ஆனால் கை கால் அசையாது, கத்த நினைத்தால் குரல் எழாது, கதவோரம் கறுப்பாக ஓர் ஆள் நிற்பது போலிருக்கும், அந்த ஆள் மெல்ல வந்து நெஞ்சில் ஏறி உட்காருவான். ஒரு நிமிடம் இருக்கும், அப்புறம் எல்லாம் விலகிவிடும். அவன் பாட்டியிடம் சொல்லியிருந்தால் அடுத்த நொடியே பெயர் சொல்லியிருப்பார்: அமுக்குவான் பேய்.

நான் அவனிடம் முதலில் சொன்னது, "நீ பொய் சொல்றேன்னு நான் நினைக்கல தம்பி. நீ சொன்ன ஒவ்வொண்ணும் உனக்கு நடந்திருக்கு" என்பதுதான். பையன் அழுதுவிட்டான். அதுவரை கேட்டவர்கள் ஒன்று சிரித்திருக்கிறார்கள், இல்லையென்றால் அவனைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார்கள்.

நாம் கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சு விடும் உதரவிதானமும்தான் முக்கிய விதிவிலக்கு. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே கட்டிலைவிட்டு எழுந்து ஓடுவோம். எப்போதாவது அந்தப் பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. ஆழமாக மூச்சிழுக்கப் பார்க்கிறோம், நெஞ்சுத் தசை ஒத்துழைக்காது, யாரோ ஏறி உட்கார்ந்த பாரம் தெரிகிறது. கனவும் முழுதாகக் கலையவில்லை, பயமோ உச்சத்தில் இருக்கிறது, அதனால் அறைக்குள் ஓர் உருவம். இதை ஸ்லீப் பராலிசிஸ், தூக்க முடக்கம் என்கிறோம். நூறு பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருவதுதான். தூக்கம் கெட்டால், ஷிப்ட் மாறினால், மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். ஜப்பானில் இதற்கு கனாஷிபாரி என்று பெயர், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் வந்து உட்காருவது ஒரு கிழவி. உடம்புக்கு நடப்பது எங்கும் ஒன்றுதான், வருகிற ஆள்தான் ஊருக்கு ஊர் மாறுகிறார்.

சரி, மீட்டருக்கு வருவோம். இருவருமாக அதை எடுத்துக்கொண்டு என் அறையைச் சுற்றினோம். சன்னல் பக்கம் ஒரு பச்சை மட்டும். கம்ப்யூட்டரின் யூபிஎஸ் பக்கத்தில் ஐந்தும் எரிந்தன. என் செல்போனை ஒட்டி வைத்து அவனை அழைக்கச் சொன்னேன், மணி அடிப்பதற்கு முன்பே விளக்குகள் துள்ளின. "உன் கட்டிலுக்குத் தலைமாட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தான். "சுவிட்ச் போர்டு மேடம். கீழ இன்வெர்ட்டர்."

அந்தக் கருவி காந்தப்புலத்தை அளக்கிறது, அவ்வளவுதான். வயரிங்கும் மோட்டாரும் போனும் இருக்கும் இடத்தில் அது எரியத்தான் செய்யும். இறந்தவர்கள் காந்தப்புலத்தை உண்டாக்குவார்கள் என்று எவரும் எங்கும் நிரூபித்ததில்லை, அப்படியிருக்க இருட்டுக் கட்டடத்தில் எரியும் சிவப்பு விளக்கை சாட்சியாகக் காட்டுவது பார்ப்பவர்களை ஏமாற்றுவது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வீடியோக்களை விடிய விடியப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கே அமுக்குவான் இன்னும் அடிக்கடி வருகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி பிடிப்பதில்லை, என்னிடம் வருபவர்கள் கோழைகள் இல்லை. கணவர் போய் மூன்றாவது மாதம் கொல்லைப்புறத்தில் அவர் இருமும் சத்தம் கேட்டதாகச் சொன்ன ஓர் அம்மா, தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கேட்டார். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971-இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவர் அருகிலிருப்பதை உணர்ந்தோ, பார்த்தோ, குரல் கேட்டோ இருந்தார்கள். அது பேயும் இல்லை, நோயும் இல்லை.

ஆனால் எல்லாமே இப்படி லேசாக முடிவதில்லை. பிரசவமாகி ஒன்பதாவது நாள் ஒரு பெண் தூங்குவதை நிறுத்திவிட்டாள். குழந்தையை மாற்றிவிட்டார்கள், இது என் பிள்ளை இல்லை என்றாள். பச்சை உடம்பு, காத்து கருப்பு அண்டிவிட்டது என்று வீட்டில் முடிவு செய்து, கோடாங்கியிடம் குறி கேட்டு, வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, என்னிடம் வந்தபோது பதினெட்டு நாள் போயிருந்தது. முதுகில் தடித்த கோடுகள். மாமியார் கெட்டவர் இல்லை, அந்தப் பதினெட்டு நாளும் பேரக் குழந்தையை மடியைவிட்டு இறக்காமல் காத்தவர் அவர்தான். "எங்களுக்குத் தெரியலையே டாக்டரம்மா" என்றார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்த மனநோய், தாய் உயிருக்கும் சேய் உயிருக்கும் ஆபத்து. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகத் தெளிந்துவிடும். அவளும் தெளிந்தாள்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ள யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஆனாலும் சங்கிலித் தழும்போடு வரும் கால்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

அந்தப் பையனுக்கு மாத்திரை எழுதவில்லை. தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மறுபடி வந்தால் எழப் போராடாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார் என்றேன். இரண்டு மாதத்தில் ஒருமுறைதான் வந்ததாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல் இருந்தால், இல்லாத குரலுக்குப் பதில் சொன்னால், திடீரென வேறு ஆள் போலப் பேசினால், காய்ச்சலோடோ வலிப்போடோ குழம்பினால், பிள்ளை பெற்றவள் தன் பிள்ளையைக் கண்டு பயந்தால் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவிலும் இலவசமாகப் பேசலாம். கையில் கட்டிய கயிற்றை நான் அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே வாருங்கள்.