காற்று இல்லை என்று வள்ளத்தைக் கரையில் விடாதீர்கள்

"காத்தே இல்லியே சார், பின்ன எப்பிடி கடல் கேறும்?" கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த முறையும் கள்ளக்கடல் (தொலைவில் பிறந்த அலை திடீரென்று கரையேறுவது) எச்சரிக்கை வந்த அன்று, காற்று குறைவு என்று காட்டும் காற்றுச் செயலியின் நீலப் படத்தை ஒருவர் வாட்ஸாப்பில் போட்டு "கடல் சும்மா கெடக்கு" என்று எழுதினார். அதை நம்பி மணலில் விட்டிருந்த இரண்டு வள்ளங்கள் தூண்டில் வளைவுக் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்) கல்லில் மோதி உடைந்தன.

கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவைக் கருவியின் தரவைப் பார்ப்பது என் வேலை. தயவுசெய்து கேளுங்கள். அந்தப் படம் காட்டுவது நம் கடல்மேல் அந்த நேரத்துக் காற்றை மட்டும். கள்ளக்கடல் அலை இங்கே பிறப்பதே இல்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில், 30 பாகை தெற்கு அட்சரேகைக்கும் தெற்கே அடிக்கும் புயலில் பிறந்து, நாலைந்து நாள் ஓடி நம் கரைக்கு வருகிறது. இங்கே இலை அசையாமல் இருக்கலாம், வெயில் சுள்ளென்று அடிக்கலாம். அலை வரத்தான் செய்யும்.

அடுத்து, "1 மீட்டர் அலைதானே" என்பார்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை வினாடிக்கு ஓர் அலை என்றும் பாருங்கள். 8 வினாடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 100 மீட்டர். 18 வினாடி என்றால் அரை கிலோமீட்டர். அத்தனை நீரும் கரையில்தான் வந்து ஏறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் கொண்டுபோனபோதும் எச்சரிக்கை அமலில்தான் இருந்தது.

அலை உயரம் அளக்கும் செயற்கைக்கோள் தன் பாதையின் கீழே உள்ள ஒரு கோட்டை மட்டுமே அளக்கும். அன்று நம் கடல்மேல் வராமலே போகலாம். கரைக்குப் பக்கத்தில் விடாமல் அளந்துகொண்டிருப்பது மிதவைதான். அதில் வள்ளத்தைக் கட்டாதீர்கள், வலை சிக்கினால் கயிற்றை அறுக்காதீர்கள். அது நின்றால் இங்கே நாங்கள் குருடர்கள்.

ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் நிலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு மையம்) அறிவிப்பில் நம் பகுதி "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று வரும். பொழியூர் வரை கேரளத்துக்குச் சொன்னால் அது அவர்களுக்கு என்று தள்ளாதீர்கள், பொழியூர் தாண்டினால் நீரோடிதான். அறிவிப்பு வந்ததும் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றுங்கள். துறைமுகத்தில் கட்டினால் ஒன்றோடொன்று முட்டாதபடி இடைவெளி விடுங்கள். பிள்ளைகளைத் தூண்டில் வளைவில் ஏறி நிற்க விடாதீர்கள், அறிவிப்பு முடியும்வரை, அலை அடங்கியதுபோல் தெரிந்தாலும்.